பழையாற்றோடு மணக்குடி வரை

நாகர்கோவில் ஒழுகினசேரிப் பாலத்தில் தொடங்கி, சுசீந்திரம் வழியாக ஆறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகம் வரை பழையாற்றங்கரையோடு காலையில் கிளம்பினால் உச்சிக்குள் பார்த்துவிடலாம். உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரத்தை நட ஆசைப்படுகிறவர்கள் நேராக மணக்குடிக்குப் போகாமல் இந்த வழியில் வருவது நல்லது. மணக்குடியில் நடும் கன்றின் ஆயுளில் பாதி ஆற்றின் மேல்பகுதியிலேயே முடிவாகிவிடுகிறது.

ஒழுகினசேரியில் முதலில் கண்ணில் படுவது ஆகாயத்தாமரை. நகரத்துச் சாக்கடை அதற்கு உரம், அணைகளுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் அதற்கு மெத்தை. பூக்கும் முன்னே வாரிவிட வேண்டும். விதை விழுந்தால் சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். வாரியதைக் கரையிலேயே குவிப்பதுதான் எல்லா ஊரிலும் நடக்கிற கூத்து. அடுத்த வெள்ளம் அதைத் திரும்ப ஆற்றில் இறக்கிவிடும். இயந்திரம் வெட்டிப்போட்ட துண்டுகளும் முளைக்கும், ஆகவே பின்னாலேயே வள்ளத்தில் ஆள் போய் அரித்தெடுக்க வேண்டும்.

கரை இடியும் இடங்களில் கற்சுவர் கட்டுவதைவிடத் தாழை மேல். விழுதோடு கூடிய கிளையை வெட்டி, நீர்மட்டத்தை ஒட்டிச் சாய்வாகப் புதைக்கலாம். அதற்கு மேலே சரிவின் குறுக்கே வெட்டிவேர் நாற்றை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நட வேண்டும். மேலிருந்து கீழாக நட்டால் மழைநீர் இரண்டு வரிசைக்கு நடுவே வாய்க்கால் பறித்துவிடும். உச்சியில் நீர்மருதும் புங்கும்.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. டிசம்பர், ஜனவரியில் விடியலில் போனால் ஊசிவால் வாத்து தெரியும். தூர்வாரும்போது குளம் முழுக்க ஒரே ஆழமாகத் தோண்டக் கூடாது. ஓரத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் இல்லையென்றால் நாரை எங்கே நின்று மேயும்?

மணக்குடியில் 2004 சுனாமி பாலத்தையே தூக்கி எறிந்தது. அதன் பிறகு இங்கே அலையாத்தி நடவும் நடந்தது. அலையாத்தி வகையான சுரபுன்னைக்கு நாற்றங்கால் அவசியமில்லை; மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் முளைக்குச்சியை நேராக ஊன்றலாம். காய்க்கும் அதிலிருந்து நீளும் முளைக்குச்சிக்கும் நடுவில் மஞ்சள் வளையம் தெளிந்து, தொட்டதும் கழன்று வருவதுதான் முற்றியது. கூர்முனை கீழே இருக்க, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. கடல் ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் வெளியே வரும் சேறே இடம். எப்போதும் நீருக்குள் கிடக்கும் தாழ்வில் ஊன்றினால் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிர் ஒட்டி, பாரத்தில் கன்று சாய்ந்துவிடும்.

பெரிய எதிரி பொழி அடைபடுவதுதான். கோடையில் ஆற்றில் வரத்து குறைந்ததும் கடல் மணலைத் தள்ளி வாயை மூடும். உள்ளே நீர் ஆவியாகி உப்பு ஏறும். வாய் மூடிக் கிடக்கையில் மழை பெய்தாலோ நீர் உயர்ந்து, இலைவரை வாரக்கணக்கில் மூழ்கிய கன்று அழுகும். பொழி வெட்டுவது உள்நீர் கடலைவிட நன்றாக உயர்ந்திருக்கும்போது, அதுவும் வற்றம் தொடங்கும் நேரத்தில் இருக்க வேண்டும். கடல் பக்கமிருந்து தோண்டி வந்து, ஆற்றுப் பக்க வரம்பைக் கடைசியில் உடைத்தால் தண்ணீரே வாயை அகலமாக்கிக்கொள்ளும். அவசரப்பட்டு முன்கூட்டியே வெட்டினால் ராத்திரிக்குள் மணல் நிரம்பிவிடும். மேலே அணைகளில் கடைசிச் சொட்டுவரை மறித்துக்கொண்டால், எத்தனை தடவை வெட்டினாலும் வாய் திறந்து நிற்காது.