30 ரூபாய்த் தண்ணீரும் 10 ரூபாய்க் குடமும்

எங்கள் ஊராட்சியில் வீட்டுக் குழாய்க்கு மாதக் கட்டணம் 30 ரூபாய். அதே தெருவில் வண்டியில் வரும் தண்ணீர் குடம் 10 ரூபாய். கோடையில் 12, 15 என்று ஏறும். ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரையில் தொடங்கி ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரை எங்கள் கடற்கரைப் பெண்களின் பொழுது பாதி இந்த இரண்டு விலைகளுக்கு நடுவில்தான் கழிகிறது. 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை நான் வார்டு உறுப்பினராக இருந்தேன். அந்த 5 வருடமும் அதிகம் பேசியதும் சண்டை போட்டதும் தண்ணீருக்காகத்தான். அப்போது தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு உதவும்.

முதலில் கணக்கு. குடம் 15 லிட்டர் என்று வைத்தால் 1000 லிட்டருக்கு 66 குடம். வண்டியில் வாங்கினால் 660 ரூபாய். குழாய்க்கு வருவோம். வீட்டுக்கு வீடு குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். 5 பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 8,250 லிட்டர். அதற்கு 30 ரூபாய் என்றால் 1000 லிட்டர் 4 ரூபாய்கூட இல்லை. குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வருகிற வீட்டுக்கு 4 ரூபாய், வராத வீட்டுக்கு 660 ரூபாய். வராத வீடு எது? மேட்டுத் தெருவிலும் கடைசித் தெருவிலும் இருக்கிற வீடு. வலைக்குப் போகிறவர் வீடு, கருவாடு காயப்போடுகிறவர் வீடு. தண்ணீருக்கு இந்த மாவட்டத்திலேயே அதிக விலை கொடுப்பவர்கள் இவர்கள்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த 4 ரூபாய்த் தண்ணீர் எவ்வளவு தூரம் வருகிறது தெரியுமா? திருச்சிப் பக்கம் காவிரி மணலுக்குள் பெரிய கிணறுகளை இறக்கி, மணலில் வடிந்து வரும் நீரை எடுக்கிறார்கள். வழியில் நீரேற்று நிலையங்களில் மறுபடி மறுபடி தள்ளுகிறார்கள். புதுக்கோட்டைக்கும் சிவகங்கைக்கும் கொடுத்தது போக, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தாண்டி எங்கள் ஊர் சம்ப்புக்கு, அதாவது தரைத்தொட்டிக்கு, வந்து சேர்கிறது. குடிநீர் வடிகால் வாரியம் 616 கோடி ரூபாயில் போட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது. நாங்கள் அதன் கடைமடை. வழியில் எங்காவது கரண்ட் போனால், ஒரு பைப் உடைந்தால், எங்களுக்கு அன்றைக்கும் தண்ணீர் இல்லை, மறுநாளும் இல்லை.

காவிரி வருவதற்கு முன்னால் ஊற்றுதான். கடலுக்கு மிக அருகிலேயே மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் கசியும். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். "மேலாக்க மட்டும் மோந்துக்கத்தா, அடியக் கலக்கிராத" என்று அப்பத்தா சொல்லிக்கொண்டே இருக்கும். அது எவ்வளவு பெரிய அறிவு என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. மழைத் தண்ணீர் எடை குறைந்தது. உப்புத் தண்ணீர் மேலே அது மிதந்துகொண்டு மணலுக்குள் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்கிற கணக்கு. அப்படியானால் மேலே 1 அடி குறைந்தால் கீழேயிருந்து 40 அடி உப்பு ஏறி வரும். கொட்டாங்கச்சியால் மொண்டவரை ஊற்று ஊற்றாக இருந்தது. போர் போட்டு மோட்டார் வைத்து இழுத்த இடங்களில் உப்பு மேலே வந்துவிட்டது. இப்போது எங்கள் தெரு போர்த் தண்ணீரில் பாத்திரம் கழுவினால்கூட வெள்ளையாகப் படிகிறது. இனிமேலாவது மிச்சமிருக்கும் ஊற்றுத் திடல்களில் போர் போடாமல் காக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

"பக்கத்துலயே கடல் கெடக்கு, அதச் சுத்தம் பண்ணிக் குடுத்தா என்ன?" என்று கிராம சபைக்குக் கிராம சபை யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1990களின் கடைசியிலேயே நம் மாவட்டத்தில் நரிப்பையூரில் நாளைக்கு 38 லட்சம் லிட்டர் தருவதற்காகக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டினார்கள். செலவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1000 லிட்டரை 100 மீட்டர் உயரம் ஏற்ற, கணக்குப்படி கால் யூனிட்டுக்குச் சற்று மேலே மின்சாரம் போதும். மோட்டாரும் பம்பும் தின்பதைச் சேர்த்தால் அரை யூனிட்டுக்குள் முடியும். கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்க அதே 1000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வேண்டும். உப்பை வடிகட்டும் சவ்வை மாற்ற, ரசாயனம் வாங்க, உப்பில் அரிக்கும் பைப்பை மாற்ற என்று தனிச் செலவு. எங்களைப் போன்ற கடற்கரைக்குக் கடல்நீர் நிலையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காவிரி வறண்ட வருடங்களில் வேறு கதி இல்லை. ஆனால் கட்டுவதற்கு ஒதுக்கும்போதே அதை 20 வருடம் ஓட்டுவதற்கான பணத்தையும் ஒதுக்கிவிட வேண்டும்.

பணம் என்றதும் ஊராட்சிக் கணக்குக்கு வருகிறேன். இதைப் பலர் பார்த்ததே இல்லை. ஊராட்சிக்குக் கணக்கு எண் 1, 2, 3 என்று உண்டு. வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் எல்லாம் 1. மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டுவதற்கென்றே தனியாக 2. திட்டப் பணம் 3. கரண்ட் பில்லும் காவிரித் தண்ணீருக்கான பில்லும் 2இல் இருந்து போய்விடும். மோட்டார் காயில் எரிந்தால், கேட் வால்வு சுற்ற மறுத்தால், தெருவில் பைப் வெடித்தால், அதற்கு 1ஐத்தான் தடவ வேண்டும். 300 வீடு உள்ள ஊரில் எல்லோரும் கட்டினாலும் மாதம் 9,000 ரூபாய். பாதிப் பேர் கட்டினால் 4,500. அதில் ஒரு ரீவைண்டிங் வந்தால் அந்த மாதம் முடிந்தது. ஸ்பேர் மோட்டார் எங்கிருந்து வாங்குவது?

மத்திய அரசின் 15வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அதைப் பராமரிப்புக்கும் செலவழிக்கலாம் என்றிருந்தது. ஆனால் கிராம சபையில் மனு கொடுப்பவர்கள் புது டேங்க் கேட்பார்கள், புது போர் கேட்பார்கள். பழைய வால்வை மாற்றித் தரச் சொல்லி யாரும் மனு எழுதுவதில்லை. புது டேங்கில் பெயர் எழுதலாம், வால்வில் எழுத முடியாது. உப்புக் காற்றில் டேங்க் ஏணி துருப்பிடித்துக் கம்பி கம்பியாக உதிர்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஊதி, மேல் பூச்சு பொரிந்து விழுகிறது. வேறு மாவட்டத்தில் வருடக்கணக்கில் நிற்கும் ஸ்டார்ட்டர் பெட்டி இங்கே சீக்கிரமே ஓட்டை விழுந்துவிடும். கடற்கரை ஊராட்சிக்குப் பராமரிப்புப் பணம் மற்ற ஊராட்சிகளைவிடக் கூடுதலாகத் தர வேண்டும் என்று இரண்டு தடவை தீர்மானம் போட்டோம்.

அந்த ஏணியில் ஏறுகிறவர் எங்கள் டேங்க் ஆபரேட்டர் அண்ணன். மாதம் 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் டேங்க் கழுவ வேண்டும், கழுவிய தேதியை எழுத வேண்டும். தினமும் பவுடர் கலக்க வேண்டும். 1000 லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர், ஆகவே 30 ஆயிரம் லிட்டர் டேங்குக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் டேங்கில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்து விட வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் பவுடர் மூட்டையைப் பிரித்து வைத்தால் எங்கள் ஈரக் காற்றில் சில வாரத்திலேயே வீரியம் போய்விடுகிறது. 120 கிராம் போட்டும் குழாயில் குளோரின் தெரியவில்லை. அப்புறம் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டிரம் வாங்கிக் கொடுத்தோம். சின்னச் செலவு. கடைசித் தெருக் குழாய்த் தண்ணீரில் சோதனைப் பெட்டியின் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தால், குளோரின் இருப்பதைக் காட்டும் மஞ்சள் நிறம் வந்தது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் கடைசிக் குழாயில் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தியத் தர நிர்ணயத்தின் அளவு. டேங்க் அடியில் பார்த்துவிட்டு எழுதுவது செல்லாது.

இந்தச் சோதனைப் பெட்டியை ஜல் ஜீவனில் ஊருக்கு 5 பெண்களுக்குப் பழக்கிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. எங்கள் ஊரில் மகளிர் குழுவில் இருக்கும் ஒரு மதினி எல்லோரையும் விட நன்றாகச் செய்வார். உங்கள் ஊர்ப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடி எடுங்கள்.

குளோரின் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எங்கள் பைப்பில் தண்ணீர் எப்போதும் நிற்பதில்லை. ஒரு மணி நேரம் வரும், அப்புறம் நாள் கணக்கில் காலியாகக் கிடக்கும். தண்ணீர் நிறுத்தும்போது பைப்புக்குள் வெற்றிடம் உண்டாகி, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளியில் கிடக்கும் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். வீட்டுக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் பலமாக இழுக்கும். சாலையோரம், பைப்பிலிருந்து காற்றை வெளியேற்றும் ஏர் வால்வில் கசிகிற தண்ணீரைத் தள்ளுவண்டியில் குடம் அடுக்கி வந்து பிடிக்கிறார்களே, அந்த வால்வுக் குழியிலும் இதேதான் நடக்கிறது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் இல்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? ஆனால் அந்த வால்வைச் சரிசெய்வதும், அந்த ஊருக்கு ஒரு குழாய் கொடுப்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் மறுநாளே வால்வு உடைந்திருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேன் தண்ணீர் விற்கிறவருக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் கட்டாயம். நம் வீட்டுக்கு வரும் பொதுக் குழாய்த் தண்ணீருக்கும் தர நிர்ணய எண் 10500 என்று நல்ல அளவுகோல் இருக்கிறது. உப்பு முதலான கரைந்த பொருட்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள், வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை என்று அதில் இருக்கிறது. ஆனால் தண்ணீர் வழங்கும் அமைப்புகளை அது சட்டப்படி கட்டிப்போடுவதில்லை. கட்டிப்போட வேண்டும் என்பது என் கருத்து. அப்படிக் கட்டாயமாக்கும்போது பொறுப்பை மட்டும் ஊராட்சியின் தலையில் வைத்துவிட்டுப் பணத்தை மேலேயே வைத்துக்கொள்ளக் கூடாது.

சரி, ஊரில் என்ன மாறியது? இரண்டு காரியம் செய்தோம். "தண்ணியே வரல, எதுக்கு 30 ரூவா?" என்று கடைசித் தெரு மாமா ஒருவர் கிராம சபையில் எழுந்து கேட்டார். அவர் கேட்டது சரி. அதனால் முதலில் வால்வு முறையை மாற்றினோம். முன்பெல்லாம் டேங்குக்குப் பக்கத்துத் தெருவை முதலில் திறப்பார்கள், கடைசித் தெருவுக்குப் போகும்போது டேங்கில் பாதிதான் இருக்கும், அழுத்தமும் இருக்காது. இப்போது டேங்க் நிறைந்திருக்கும்போதே கடைசித் தெருவும் மேட்டுத் தெருவும் முதலில், பக்கத்துத் தெரு கடைசியில். ஒரு பைசா செலவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் என்னோடு பேசாமல் இருந்தார்கள். பரவாயில்லை.

அடுத்தது, ரேஷன் கடைச் சுவரில் கரும்பலகை. இந்த மாதம் காவிரியில் இருந்து வந்தது எத்தனை லிட்டர், கரண்ட் பில் எவ்வளவு, பவுடர் எவ்வளவு, கடைசித் தெருக் குழாயில் குளோரின் எவ்வளவு, கட்டணம் கட்டிய வீடு எத்தனை. ஊராட்சிச் செயலர் முதலில் தயங்கினார், அப்புறம் அவரே எழுத ஆரம்பித்தார். கட்டணம் வருவது கூடியது. அந்த மாமாவும் கட்டினார், பாக்கியைச் சேர்த்து. கட்ட முடியாத வீடுகளும் உண்டு, கணவரைக் கடலில் இழந்தவர்கள், வயதானவர்கள். அவர்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று சபையிலேயே முடிவெடுத்தோம், யாரும் மறுக்கவில்லை.

ஆபரேட்டர் அண்ணனின் சம்பளம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. இத்தனை வீட்டின் வயிறும் அவர் கையில் இருக்கிறது, அவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற உறுதி இல்லை. இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பாதுகாப்பு பெல்ட் இல்லாமல்தான் துருப்பிடித்த ஏணியில் ஏறுகிறார். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் நான் இப்போது சாதாரண வாக்காளராகப் போய் உட்காருவேன். புது ஏணி, பெல்ட், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் அவர் சம்பளம், ஒரு ஸ்பேர் மோட்டார். நான்கையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லப் போகிறேன். நீங்களும் உங்கள் ஊர்ச் சபையில் கணக்கு எண் 2இன் புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும், 1இல் இருந்து பராமரிப்புக்குப் போன வருடம் எவ்வளவு போனது என்று கேளுங்கள்.