சும்மா நாள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு சொல் புழங்குகிறது: ‘சும்மா நாள்’. பயணத் திட்டத்தில் எதுவும் எழுதாத நாள். விமானம் கிடையாது, கோயில் கிடையாது, ஏற வேண்டிய மலையும் கிடையாது. தேதிக்கு எதிரே ‘போக்கரா’ என்று ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். தாளைக் கையில் வாங்கிய வாடிக்கையாளரின் விரல் சொல்லிவைத்தாற்போல் அந்த வரியில்தான் வந்து நிற்கும்.

“இந்த நாள்ல என்னம்மா செய்யறோம்?”

“சும்மா இருக்கறீங்க.”

“சும்மா இருக்கறதுக்கு எதுக்குக் காசு?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் இத்தனை வருடமாக எனக்குச் சம்பளம் வருகிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது எங்கள் நிறுவனம். நிறுவனம் என்பது கொஞ்சம் பெரிய சொல். பாஸ், நான், கணக்குப் பார்க்கும் அக்கா, அவ்வளவுதான். பதினோரு மணிக்கு ரசம் கொதிக்கும் வாசனை படியேறி வந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் சீக்கிரம் முடிவெடுப்பார்கள் என்பது அக்காவின் கணிப்பு. நாங்கள் விற்பது ஒரே நாடு, நேபாளம். நாற்பது பேரை ஒரு பேருந்தில் ஏற்றி, முன்னால் ஒருவர் கொடி பிடித்து நடக்கும் சுற்றுலா எங்களிடம் இல்லை. ஒரு குடும்பம், ஒரு தம்பதி, சில நேரம் ஒற்றை ஆள். அவர்களுக்கென்று ஒரு வண்டி, ஓர் ஓட்டுநர், வேண்டுமானால் ஒரு வழிகாட்டி. போகிற வேகம் அவர்களுடையது.

அளவெடுத்துத் தைக்கும் தையற்கடை மாதிரி என்பார் பாஸ். அந்த அளவெடுக்கிற வேலை எனக்கு. “எங்கே போகணும்?” என்று நான் முதலில் கேட்பதில்லை. “பத்துமலை 272 படியைக் கடைசியா எப்ப ஏறினீங்க? எங்கெங்க நின்னீங்க?” என்று கேட்பேன். பாதியில் ஒருமுறை நின்றவருக்கு ஒரு திட்டம். மேலே போய்ப் பத்து நிமிடம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தவருக்கு வேறு திட்டம். “நானா? நான் கீழேயே நின்னு செருப்பைப் பார்த்துக்குவேன்” என்று சிரிக்கிற அம்மாவுக்கு முற்றிலும் வேறு. அப்புறம், வீட்டில் பசி வந்தால் முதலில் கோபப்படுவது யார்? இதைக் கேட்டதும் எல்லோரும் ஒருவரையே திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஆளை மனத்தில் வைத்துத்தான் சாப்பாட்டு நேரத்தைக் குறிப்பேன்.

நான் சேர்ந்தது 2016இல். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி நேபாளத்தில் 7.8 அளவில் நிலநடுக்கம் வந்து ஏறத்தாழ 9,000 பேர் இறந்திருந்தார்கள். “அங்க கட்டடம் ஏதாச்சும் நிக்குதா?” என்று கேட்க மட்டும் ஆட்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். வேலையே இல்லாத அந்த மாதங்களில் பாஸ் என்னை நேபாளத்துக்கு அனுப்பி வைத்தார். பார்க்காத ஊரை விற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். அதுவரை நான் பார்த்த உயரம் கேமரன் மலைதான். கோலாலம்பூரிலிருந்து நாலரை மணி நேரப் பறப்பில் காட்மாண்டு. அங்கே இறங்கிக் கடிகாரத்தை மாற்றும்போதே முதல் பாடம். வித்தியாசம் இரண்டு மணி நேரம் இல்லை, இரண்டேகால். அந்தக் கால் மணி நேரத்தை மறந்து எத்தனை பேரை நான் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறேன் என்று போக்கரா ஓட்டுநரைக் கேட்டால் தெரியும்.

அந்த ஓட்டுநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜொகூரில் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் ஆறு வருடம் இருந்தவர். வண்டியில் ஏறுகிறவர்களிடம் “அப்பா காபார்?” என்று மலாயில் நலம் விசாரிப்பார். நம் ஆட்கள் திகைத்துப் போவார்கள். பனி மலையைப் பார்த்துக்கொண்டே மலாயில் விலைவாசி பேசிக்கொண்டு போவார்கள். அவரை மரியாதையாக எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டால் ‘தாய்’ என்று சொல்லிக் கொடுப்போம். நேபாளியில் அண்ணனுக்கு அதுதான் சொல். மீசை வைத்த ஆளைத் தாயே என்று கூப்பிடப் பழக நம்மவர்களுக்கு இரண்டு நாளாகும்.

இன்னொரு வேடிக்கை அனுமதிச் சீட்டு வாங்கும் இடத்தில். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000. நம் முகத்தைப் பார்த்ததும் அதிகாரி இந்தியா என்று எழுதத் தொடங்குவார். கடப்பிதழை நீட்டினால் பேனா நின்றுவிடும். “நாங்களும் இந்தியர்தானேம்மா, சொல்லிப் பாரேன்” என்று என்னிடம் ஒருவர் உண்மையாகவே கேட்டார். என்னத்தைச் சொல்ல.

சரி, சும்மா நாளுக்கு வருகிறேன். அது ஏன் வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது காற்று.

நம்மவர்கள் நேபாளம் போவதில் பாதி, முக்திநாத்துக்காக. வைணவர்களின் 108 திவ்விய தேசங்களில் பூமியில் இருப்பவை 106. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம் அவற்றில் ஒன்று. முக்திநாத்தைத்தான் அந்தத் தலமாகப் பெரும்பாலோர் கொள்கிறார்கள். பௌத்தர்களுக்கும் அது புனித இடம். ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரம். கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 நீர்த்தாரைகள். தலையைக் கொடுத்து வரிசையாக ஓடி வர வேண்டும். ஐந்தாவதிலேயே எனக்குக் காது மரத்துவிட்டது. பத்துக்குப் பிறகு எண்ணவில்லை.

அங்கே போக எளிய வழி, போக்கராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானம். 20 நிமிடம். ஒரு பக்கம் அன்னபூர்ணா 8,091 மீட்டர், மறுபக்கம் தவளகிரி 8,167 மீட்டர், நடுவில் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு. விமானம் மலைகளுக்கு மேலே பறக்காது, இரண்டுக்கும் இடையில் நுழைந்து போகும். ஆனால் காலையில் மட்டும். வெயில் ஏற ஏற வடக்கே மேட்டு நிலம் சூடாகும், அங்கே காற்று மேலே எழும்பும், அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து பள்ளத்தாக்கு வழியாகக் காற்று பாயும். முற்பகல் தாண்டிவிட்டால் ஜோம்சோம் ஓடுபாதையில் ஆள் நடப்பதே கஷ்டம். காலையில் மேகம் விலகத் தாமதமானால் அவ்வளவுதான், அன்றைக்கு விமானம் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். நாளை என்று ஒன்று உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டும்.

2018 நவம்பரில் கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், மனைவி, மகன், மருமகள், பேத்தி. சாருக்கு அப்போது எழுபது. முழங்காலில் வலி, கையில் ஒரு பழைய பாசுரப் புத்தகம். முக்திநாத் அவருடைய ஆசை, செலவு மகனுடையது. நான் போட்ட எட்டு நாள் திட்டத்தில் மகன் விரல் வைத்த இடம் உங்களுக்கே தெரியும். வேறோர் இடத்தில் ஏழு நாளில் முடித்துத் தருகிறார்களாம், லீவும் இல்லையாம்.

நான் சொன்னேன். சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. “விமானம் ரத்தாகலாம், ஒரு நாள் கையில இருந்தா நல்லது” என்றேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம். மெதுவாக, சிரித்துக்கொண்டே, கணினியைப் பார்த்தபடி. அந்த மாதம் வியாபாரம் சரியில்லை. “அதெல்லாம் நவம்பர்ல வானம் தெளிவாத்தானே இருக்கும்?” என்றார் அவர். இருக்கும்தான். அந்த வரியை அழித்தேன்.

நம்மூர் நேரம் பத்தரைக்கு ஓட்டுநரிடமிருந்து புலனத்தில் ஒரு படம் வந்தது. போக்கரா விமான நிலையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் சார் உட்கார்ந்திருந்தார். மங்கிக் குல்லாய், மடியில் புத்தகம். அங்கே மணி எட்டேகால். ஜோம்சோமில் மேகம். பன்னிரண்டுக்கு இன்னொரு படம், அதே நாற்காலி, புத்தகம் பைக்குள் போயிருந்தது. ஒன்றரைக்கு மகன் அழைத்தார். ஜீப்பில் போகலாமா என்று கேட்டார். போகலாம், ஆனால் அந்தச் சாலையில் ஒரு பகல் முழுக்கக் குலுங்க வேண்டும், திரும்ப இன்னொரு பகல், சாரின் முழங்காலுக்கும் ஆகாது, காட்மாண்டு விமானத்தையும் விட்டுவிடுவீர்கள். “இதையெல்லாம் நீங்க முன்னாடியே சொல்லலையே” என்றார். சொன்னேன் என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அப்புறம் தொலைபேசி சாரிடம் போனது. “பரவாயில்லம்மா, ஏரி அழகா இருக்கு” என்றார். மகன் திட்டியது அன்று சாயங்காலமே மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

கட்டடத்துக் காவலரிடம் மறுநாள் புலம்பினேன். நேபாளிக்காரர், மியாக்தி மாவட்டம், ஜோம்சோம் போகிற சாலையிலேயே அவர் ஊர். மழைக்காலத்தில் எங்கே மண் சரிந்திருக்கிறது என்று தம்பிக்குப் போன் போட்டு எனக்குக் கேட்டுச் சொல்வார், எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் ஆச்சரியப்பட்டது வேறொன்றுக்கு. லீவில் ஊருக்குப் போகும்போது, வழி மூடியிருந்தால் என்ன செய்வது என்று இரண்டு நாள் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அவரே கிளம்புவாராம். “நான் அந்த ஊர்க்காரன். நீங்க எப்படி ஏழு நாளுக்குக் கணக்காப் போறீங்க?” என்றார் மலாயில்.

அதிலிருந்து நான் மாறிவிட்டேன். சும்மா நாளை யார் அழிக்கச் சொன்னாலும் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்வேன். சிலர் எழுந்து போய்விடுவார்கள். பாஸ் ஒன்றும் சொல்வதில்லை, பெருமூச்சு மட்டும் கேட்கும்.

பூச்சோங்கிலிருந்து வந்த ஒரு தம்பியிடம் மட்டும் ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. உடற்பயிற்சிக்கூடத்து உடம்பு. எவரெஸ்ட் அடிவார முகாம் அவர் குறி, 5,364 மீட்டர். வழிகாட்டியே வேண்டாம் என்றுதான் தொடங்கினார். 2023 ஏப்ரல் முதல் தனியாக மலையேற வருகிற வெளிநாட்டவருக்கு வழிகாட்டி கட்டாயம் என்று நேபாளம் அறிவித்ததைக் காட்டியதும் அதை விட்டார். அடுத்து, “அக்கா, கினபாலு 4,095 மீட்டர், ரெண்டே நாள்ல ஏறி இறங்கிட்டேன். 3,440 மீட்டர்ல இருக்கிற நாம்சேயில எதுக்கு எனக்கு ரெண்டு ராத்திரி?”

நல்ல கேள்வி. கினபாலுவில் உடம்பு புகார் எழுதி முடிப்பதற்குள் நீங்கள் கீழே வந்துவிடுகிறீர்கள். எவரெஸ்ட் பாதையில் மேலேயே நாள்கணக்கில் தூங்க வேண்டும். முகாமை எட்டும்போது காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. 3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கிற இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கொரு முறை அதே இடத்தில் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தசை பெரிதாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நன்றாக நடக்கிறவர்கள் வேகமாக ஏறி, வேகமாகப் படுத்துக்கொள்வதும் உண்டு. கடைசியில் நாம்சேயில் ஒன்று, 4,410 மீட்டரில் திங்போச்சேயில் ஒன்று என்று இரண்டு சும்மா நாளுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். நாம்சே போய்ச் சேர்ந்த இரவு அவரிடமிருந்து செய்தி: “தலை இடிக்குது அக்கா. நாளைக்கு மேல போகலைன்னா திட்டம் கெட்டுப் போகுமா?” திட்டத்தை எடுத்துப் படித்துப் பார்க்கும்படி பதில் போட்டேன். அவர் முகாம் வரை போய் நல்லபடியாகத் திரும்பினார்.

சார் கதை முடியவில்லை. 2020இல் மகளோடு மறுபடி போவதாக ஏற்பாடு. ஏப்ரலுக்கு எல்லாம் பதிவு செய்து முடித்தபோது, மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. இரண்டு வருடம் அலுவலகக் கதவைத் தூசி தட்டத்தான் திறந்தோம். ஓட்டுநருக்கு மட்டும் பாஸ் மாதாமாதம் ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தார், எவ்வளவு என்று அக்காவுக்குத்தான் தெரியும். 2022 ஏப்ரல் முதல் தேதி எல்லைகள் திறந்தன. அடுத்த வாரமே கைத்தடியோடு இரண்டு மாடி ஏறி வந்து நின்றார் சார். “இந்தத் தடவை ரெண்டு சும்மா நாள் போடும்மா” என்றார், அவராகவே. மருத்துவரைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னேன். கோயிலுக்குக் கீழேயிருந்து மேலே போக மட்டக்குதிரைக்கும் சொல்லி வைத்தேன்.

நவம்பரில் போனார்கள். வானம் கண்ணாடி மாதிரி இருந்திருக்கிறது. விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பி, சொன்ன நேரத்துக்கு இறங்கியது. மறுநாள் அதே மாதிரி திரும்பியது. காற்று அடிக்கவே இல்லை. 108 தாரைகளிலும் கையை மட்டும் நனைத்துக்கொண்டாராம், தலையைக் கொடுக்க மகள் விடவில்லை. அதன்பிறகு போக்கராவில் இரண்டு முழு நாள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

திரும்பி வந்து மார்பா ஊர் உலர் ஆப்பிள் ஒரு பொட்டலம் மேசையில் வைத்தார். எல்லாம் நன்றாக இருந்தது என்றார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, “ஆனா அந்த ரெண்டு நாள் சும்மாதாம்மா இருந்தோம். ரூம் காசுல பாதியாவது கழிச்சிருக்கலாம்” என்றார்.

பாஸ் சிரித்தார். கழிக்கவில்லை.