எலும்பு தெரியட்டும், பரவாயில்லை

எங்கள் செவலியைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன அண்ணாச்சி, நாய்க்குச் சோறு போடுறதில்லையா?" என்றுதான். விலா வரிவரியாகத் தெரியும். அடிவயிறு மேலேறி முதுகோடு ஒட்டின மாதிரி இருக்கும். சிப்பிப்பாறை நாய் அப்படித்தான் இருக்க வேண்டும். பாசத்தில் சோறு போட்டுப் போட்டு இந்த இனத்தைக் கொழுக்க வைத்திருப்பதைப் பார்த்தால்தான் எனக்கு மனசு கேட்காது. கடைசி விலாக்கள் லேசாகக் கண்ணுக்குத் தெரிந்து, மற்றவை தடவிப் பார்த்தால் கைக்குத் தட்டுப்பட்டால் எடை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இது கரிசல் காட்டில் உருவான உடம்பு. கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் வெள்ளாமை எடுத்த பிறகு கண்ணுக்கு எட்டின தூரம்வரை வெறும் தரைதான். முயல் கிளம்பினால் கண்ணால் பார்த்த நொடியில் பாய்கிற நாய்தான் அங்கே பிழைக்கும். நீண்ட முகம், ஆழமான நெஞ்சுக்கூடு, வளைந்து நிமிர்கிற முதுகு எல்லாம் அதற்காக வந்தவை. முழு வேகத்தில் ஓடும்போது ஒரே பாய்ச்சலில் இரண்டு தடவை நாலு காலும் தரையை விட்டு எழும்பும். கால்கள் வயிற்றுக்கடியில் குவியும்போது ஒரு தடவை, முன்னும் பின்னும் விரியும்போது இன்னொரு தடவை. அறுவடை முடிந்த காட்டில் செவலி ஓடுவதை ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். சத்தமே இருக்காது, பின்னால் புழுதி மட்டும் எழும்பும்.

முயல் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேண்டாம், அந்தப் பேச்சே வேண்டாம். ஆனால் ஓட்டத்தை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. காலையிலும் மாலையிலும் வேலி போட்ட இடத்தில் அவிழ்த்துவிட்டால் நாலைந்து சுற்று பறந்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளும். அப்புறம் நாள் முழுக்க வீட்டில் நாய் இருக்கிறதா என்றே தெரியாது. நாளெல்லாம் சங்கிலியில் கட்டிப் போட்டால் முறைக்கும், கடிக்கும், கயிற்றை அறுக்கும். அதைப் பார்த்துவிட்டு "இந்த ஜாதியே கோபக்கார ஜாதி" என்பார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

ஓடுகிற எதையும் துரத்துவது பிறவிக் குணம். பூனையோ கோழியோ கண்ணில் பட்டுவிட்டால் என்ன கூப்பிட்டாலும் காதில் ஏறாது. அதனால் தெருவில் கயிறு இல்லாமல் கூட்டிப்போகவே கூடாது. இன்னொன்று, இதற்குத் தலை சிறுசு, கழுத்து தடிமன். சாதாரணக் கழுத்துப் பட்டை என்றால் பின்னுக்கு ஒரு இழுப்பில் தலையை உருவிக்கொண்டு போய்விடும். அகலமாக, இழுத்தால் கொஞ்சம் இறுகுகிற பட்டை வாங்குங்கள்.

குணத்தில் அமைதி. சும்மா குரைக்காது. புது ஆள் வந்தால் எழுந்து நின்று பார்க்கும், தொட விடாமல் ஒதுங்கிப் போகும். திமிர் இல்லை, யோசிக்க நேரம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வீட்டில் ஒருவரைத் தனக்கு ஆளாக வரித்துக்கொள்ளும். அதட்டல் ஆகவே ஆகாது. நான் போனில் யாரிடமாவது சத்தம் போட்டால்கூட எழுந்து அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துவிடும். அடித்துப் பழக்கினால் பயம் ஒட்டிக்கொள்ளும், பாடம் ஏறாது. வேகவைத்த ஈரலில் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள், போதும்.

சாப்பாட்டுக்கு அந்தக் காலத்தில் கம்பங்கூழும் மோரும்தான். நான் கம்பஞ்சோற்றோடு கோழிக்கறியும் முட்டையும் சேர்ப்பேன். வளர்கிற குட்டிக்கு வெறும் கூழ் பத்தாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு நாலும் ஆகாது. நெஞ்சு ஆழமான நாய் என்பதால் வயிறு நிறைந்ததும் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, நேரம் கடத்தாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு வயசு தாண்டும்வரை எலும்பு முற்றாது, அதுவரை வண்டிக்குப் பின்னால் ஓடவைக்கிற வேலை வேண்டாம்.

முடி குட்டை, துணியால் துடைத்தாலே பளபளக்கும். ஆனால் தோல் மெல்லிசு, முள்வேலி பட்டால் கிழிந்துவிடும். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். வெறும் தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப்போகும், மடித்த சாக்காவது போடுங்கள். மார்கழிப் பனியில் செவலி நடுங்கும், உடம்பில் கொழுப்பே இல்லையே. சில மயக்க மருந்துகள் கொடுத்தால் இந்த வகை நாய்களுக்கு மயக்கம் சீக்கிரம் தெளியாது. ஏதாவது அறுவைச் சிகிச்சை என்றால் இது வேட்டை நாய் இனம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, கோம்பை நாய் இனங்களோடு சிப்பிப்பாறையின் பெயரையும் சொன்னது எங்கள் பக்கத்துக்குப் பெருமை. ஆசைப்பட்டு வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போட்டோவைப் பார்த்துக் காசு அனுப்பாதீர்கள். வெளிநாட்டு கிரேஹவுண்டோடு கலந்ததைச் சிப்பிப்பாறை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நேரில் போய்த் தாய் நாயைப் பாருங்கள், அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தருகிறேன் என்றால் அந்த இடத்தில் வாங்க வேண்டாம்.