‘மறுத்தார்’ என்று எழுதியிருந்தது

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் "அரசாங்க வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். முதியவர்கள் தங்கும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களைச் சோதனை போடுகிற இன்ஸ்பெக்டர் என்று வாயைத் திறந்தால் அடுத்து வருவது இரண்டு கேள்விகளில் ஒன்றுதான். "அங்கே அடிப்பாங்களாமே?" அல்லது "எங்க மாமியாருக்கு ஒரு இடம் பார்த்துத் தர முடியுமா?" முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. இரண்டாவது என் கையில் இல்லை.

2014 கடைசியில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்து இறங்கினேன். ஊரில் எட்டு வருடம் நர்ஸாக இருந்தவள். அப்போது இங்கே அந்த எட்டு வருடத்தை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சான்றிதழ்கள் மதிப்பீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, நாம் அனுப்பினால் செல்லாது, படித்த கல்லூரியே நேராக அனுப்ப வேண்டியிருந்தது. கல்லூரி அலுவலகத்தில் இருந்த கிளார்க்குக்கு நள்ளிரவில் எழுந்து எத்தனை போன் போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை (கடைசியில் அவருடைய மகளின் கல்யாணத் தேதி வரை எனக்குத் தெரிந்திருந்தது). அது நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு இல்லத்தில் பிஎஸ்டபிள்யூவாக, அதாவது அன்றாடப் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்குவது. காலையில் என் பொறுப்பில் பத்துப் பேர், சில நாள் ஆள் வராவிட்டால் பதினான்கு. மணியடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு அறைகளில் ஒரே நேரத்தில் மணியடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று இன்றுவரை எந்த விதிப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

அப்புறம் நர்ஸாகப் பதிவு செய்வதற்கான என்க்ளெக்ஸ் தேர்வு, பதிவு, அதே மாதிரி இன்னொரு இல்லத்தில் நர்ஸ் வேலை. 2020 வந்தது, கூடவே கொரோனாவும். ஏப்ரலில் ஒன்டாரியோவில் ஐந்து இல்லங்களுக்கு ராணுவத்தை அனுப்பினார்கள், மே மாதம் அவர்கள் எழுதிய அறிக்கை வெளியானது. கரப்பான்பூச்சிகளையும், உதவி கேட்டுக் கத்திக்கொண்டிருந்த மனிதர்களையும் பற்றி அதில் படித்து நாடே அதிர்ந்துபோனது. நான் வேலை பார்த்த இடம் அந்த ஐந்தில் ஒன்று இல்லை. ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. அடுத்த வருடம் மாகாண அரசு இன்ஸ்பெக்டர்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கப் போவதாகச் சொன்னதும் விண்ணப்பம் போட்டேன். 2022 ஏப்ரல் 11ஆம் தேதி இந்த இல்லங்களுக்கான புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, நானும் கழுத்தில் பேட்ஜோடு கிளம்பினேன்.

சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு இல்லத்துக்கும் வருடத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும், புகார் வந்தால் அதற்குத் தனியாக. கதவருகே பேட்ஜைக் காட்டியதும் செய்தி நம்மை முந்திக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போய்விடும். இரண்டாவது மாடிக்கு நான் ஏறுவதற்குள் எல்லாருடைய முதுகும் நிமிர்ந்திருக்கும். கைகழுவும் திரவம் திடீரென்று எல்லார் கையிலும் மணக்கும். முதல் சில மாதங்கள் இது எனக்குக் கூச்சமாக இருந்தது. நானும் ஒரு காலத்தில் இப்படி நிமிர்ந்தவள்தானே. வேகமாக நடந்துபோகும் பிஎஸ்டபிள்யூ என்னைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு என்ன சிரிப்பு என்று எனக்கு நன்றாகவே தெரியும், நானும் அதையே சிரித்திருக்கிறேன்.

அளக்கக்கூடியதை அளப்பது சுலபம். அறை வெப்பம் 22 டிகிரிக்குக் குறையக்கூடாது, குழாயில் வரும் சுடுதண்ணீர் 49 டிகிரியைத் தாண்டக்கூடாது, ஜன்னல் 15 சென்டிமீட்டருக்கு மேல் திறக்கக்கூடாது. மார்பின் மாதிரிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள் இரட்டைப் பூட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு நாள் பயிற்சியில் யாருக்கும் இதெல்லாம் வந்துவிடும். எனக்குச் சாப்பாட்டு அறைதான் பிடிக்கும். ஒரு மூலையில் நாற்காலி போட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் அந்த இல்லம் எப்படி நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். தானாகச் சாப்பிட முடியாதவருக்கு, ஊட்ட ஆள் வரும்வரை தட்டை முன்னால் வைக்கக்கூடாது என்பது விதி. முழுக்க ஊட்டிவிட வேண்டியவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஒருவர் ஒரே நேரத்தில் ஊட்டக்கூடாது. படிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். முன்னால் சூப் ஆறிக்கொண்டிருக்க, அதைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு பதினெட்டு நிமிடம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்த பிறகு அந்த விதியை எழுதியவரைக் கும்பிடத் தோன்றியது.

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது எழுதுவதுதான். ஆங்கிலம் பிரச்சினை இல்லை. என்னைப் பயிற்றுவித்த சீனியர் என் முதல் அறிக்கையில் பாதி வார்த்தைகளை அடித்துவிட்டார். "பாவமாக உட்கார்ந்திருந்தார்" என்று எழுதியிருந்தேன். பாவம் என்பதை எப்படிப் பார்த்தாய் என்று கேட்டார். 12.10க்குத் தட்டு வைக்கப்பட்டது, 12.28க்கு உதவியாளர் வந்தார், அவ்வளவுதான். கண்ணால் பார்த்தது, நேரில் கேட்டது, பதிவேட்டில் இருப்பது, இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். அறிக்கை பொதுமக்கள் படிக்கும்படி இணையத்தில் போகும் என்பதால் பெயரும் வராது, ரெசிடெண்ட் 001, 002 என்று எண்தான். வீட்டில் ஒரு காய் வாங்கி வந்ததைச் சொல்லவே பத்து உவமை போடுகிற எனக்கு இது பட்டினி போட்ட மாதிரி இருந்தது.

சரி, ஒரு இல்லத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் மாதமும் கேட்காதீர்கள். அம்மாவுக்கு மூன்று வாரமாகக் குளியலே இல்லை என்று மகள் புகார் கொடுத்திருந்தார். வாரத்துக்கு இரண்டு தடவையாவது, அவர் விரும்புகிற முறையில் குளிக்க வைக்க வேண்டும் என்பது விதி. பதிவேட்டைப் பார்த்தேன். ஆறு குளியல் நாளில் ஐந்து நாள் "மறுத்தார்". ஒரு நாள் "மறுத்தார், கத்தினார், கையைத் தட்டிவிட்டார்". நர்ஸைக் கேட்டால் மறதி நோய், ஷவரைக் கண்டாலே ஆத்திரப்படுகிறார் என்றார். அவர் என்ன மொழி பேசுகிறார் என்று கேட்டேன். "இந்தி என்று நினைக்கிறேன்."

சேர்க்கைப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் தமிழ் என்று தெளிவாக எழுதியிருந்தது. அங்கிருந்து அது வேறெந்தப் பக்கத்துக்கும் போகவில்லை.

அடுத்த குளியல் நாள் அந்த ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒரு இளம்பெண், பிலிப்பைன்ஸ்காரர், பொறுமைசாலி, "இட்ஸ் ஓகே மம்மா, இட்ஸ் ஓகே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீர் திறந்த சத்தம், உடனே ஆச்சியின் குரல். "முகத்திலை அடிக்குது பிள்ளை! மூச்சு முட்டுது! ஒரு வாளியும் கோப்பையும் தந்தால் நான் வார்ப்பன் தானே!" அவ்வளவு தெளிவான யாழ்ப்பாணத் தமிழ். உள்ளே இருந்தவருக்கு அது வெறும் கத்தல். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது, துண்டைப் போர்த்தி ஆச்சியை வெளியே கொண்டுவந்தார், பதிவேட்டில் இன்னொரு "மறுத்தார்".

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, உங்களுக்குப் புரிந்ததா என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் மொழிபெயர்ப்பாளர் இல்லை. இன்று நான் நின்றேன், வியாழக்கிழமை யார் நிற்பார்கள், அதைத்தான் இல்லத்திடம் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லிவிட்டேன். வாளி கேட்கிறார், தண்ணீரைத் தானே ஊற்றிக்கொள்வாராம் என்று. அவர் சுவரில் சாய்ந்து நின்று, "ஒரு வாளியா, இத்தனை நாளும் ஒரு வாளிக்காகவா" என்றார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் குளிப்போம், தண்ணீர் அள்ளும் கோப்பையைத் தாபோ என்று சொல்வோம் என்றார். இரண்டு பேரும் என்ன சொல்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றோம்.

அறிக்கையில் இது இரண்டு பத்தி. இல்லத்தில் புழங்கும் மொழியில் பேச முடியாதவர்களுக்கு வழிமுறை ஏற்படுத்தி அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்ற விதி மீறல், விரும்பிய முறையில் குளிப்பாட்டவில்லை என்ற மீறல். பொறுமைசாலிப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, அதற்கு இடமில்லை. நிர்வாகி என்னிடம், வாளியை யார் கழுவுவது, எங்கே காய வைப்பது, தொற்றுத் தடுப்பு நர்ஸ் ஒத்துக்கொள்வாரா என்று இருபது நிமிடம் பேசினார். எரிச்சலாக இருந்தாலும் நியாயமான கேள்விகள்தான். பதிலை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான்கைந்து மாதம் கழித்து வேறொரு புகாருக்காக அதே இல்லத்துக்குப் போனேன். குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, மகள் எழுதிக் கொடுத்ததாம், ஏழெட்டுத் தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில். போதும், குளிருது, மெல்ல, சுடுதா. நடைவழியில் நான் வேறு ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் குரல் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, "சூடு... தா? சூடு தா?" என்றது.

"என்னட்டை ஏன் கேக்கிறாய்," என்று ஆச்சி அதட்டினார், "குழாயைத் திற!"