பூங்கா ஆவாரை காப்புக் கட்டுக்கு வந்தது; பூளை வரவில்லை

எங்கள் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் விதை போட்டு வளர்த்த ஆவாரை இந்தத் தைக்குக் கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டது என்பதைப் பெருமையாகவே பதிவு செய்கிறேன். போகியன்று விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கொத்தை ஒடித்து, வேப்பிலையோடு சேர்த்து எடுத்துப்போய் நிலைவாசலில் காப்புக் கட்டினார்கள். பொங்கல் நெருங்கும்போது கோவைச் சந்தைகளிலும் சாலையோரங்களிலும் விற்கும் வாடிப்போன கட்டுகளை நம்பியே இருந்த எங்கள் தெருக்காரர்களுக்கு இது சிறிய காரியம் அன்று. அந்தக் கட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய பூளைப்பூவை மட்டும் இந்த முறையும் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். அந்த வயிற்றெரிச்சலைப் பின்னால் சொல்கிறேன்.

தரிசில் தானாக முளைத்துக் கிடக்கும் செடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் ஆவாரை விதையை நாற்றுப்பையில் போட்டுவிட்டுக் காத்திருந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதன் விதையுறை தண்ணீரை உள்ளே விடாது. காட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்து உறை மெல்ல மெல்லத் தளர்ந்து, விதைகள் ஒரே சமயத்தில் முளைக்காமல் முன்னும் பின்னுமாக முளைப்பது அந்தச் செடிக்கு நல்லதுதான். வைகாசியில் விதைத்து ஆடிக்குள் நாற்றைப் பார்க்க நினைக்கும் நமக்குத்தான் அது ஒத்துவராது. நாற்றங்காலில் கந்தக அமிலத்தில் நனைத்து எடுக்கும் வழக்கம் உண்டு என்றாலும், குழந்தைகள் ஓடித் திரியும் பூங்காவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே வெந்நீர், உப்புத்தாள், நகவெட்டி ஆகிய மூன்றையும் செய்து பார்த்தோம்.

வெந்நீர் முறையில் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகே விதையின் மேல் ஊற்றி, ஆறும்வரை அப்படியே விட்டுவிட வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே விதையைப் போட்டால் கிடைப்பது சுண்டல்தான். மறுநாள் காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பியிருக்கும், மற்றவை போட்டபடியே கல்லாகக் கிடக்கும். உப்புத்தாளில் தேய்ப்பதும் பலன் தருகிறது. ஆனால் எந்த விதை எவ்வளவு தேய்ந்தது என்பது கைக்குப் புலப்படுவதில்லை, விரல் நுனிதான் முதலில் தேய்கிறது.

நகவெட்டிக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். விதையில், அது நெற்றோடு ஒட்டியிருந்த இடத்தில் சிறிய வடு இருக்கும். வேர் அந்தப் பக்கமாகத்தான் வெளிவரும் என்பதால் அதைத் தொடாமல், அதற்கு நேர் எதிர் ஓரத்தில் உறையை மட்டும் ஒரு கிள்ளு கிள்ள வேண்டும். பழுப்பு நிற உறைக்கு அடியில் வெளிறிய பருப்பு ஊசிமுனை அளவுக்குத் தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இரவு தண்ணீரில் ஊறவைத்தால் காலையில் விதை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பருத்து, உறை சுருக்கம் விட்டுக் கிடக்கும். விதையை ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்ட வேண்டியிருப்பதால் கண் வலிக்கும், பொறுமை போகும்; ஆனால் எங்கள் குழுவில் இருக்கும் மில்லில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நூல் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பழகிய கண்ணாயிற்றே என்று சொல்லிக்கொண்டு, பூங்காத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டப்பா விதையை முடித்துவிட்டார்.

முளைத்த பிறகு ஆணிவேர்தான் அடுத்த தலைவலி. சிறிய நாற்றுப்பையில் வேர் அடியில் போய்ச் சுருண்டுகொள்கிறது, எடுத்து நட்டால் செடி தலை தொங்கிவிடுகிறது. பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கிய பிவிசி குழாய்த் துண்டுகளை நீளவாக்கில் பிளந்து, கம்பியால் கட்டி, மண் நிரப்பி அதில் விதைத்தவைதாம் தப்பின. நாற்றில் ஆவாரையைப் போலவே இருக்கும் தகரை என்ற களைச்செடியும் கலந்து வந்துவிடுகிறது. இலைக்காம்பின் அடியில் காதுமடல் வடிவில் அகன்ற செதில் இருந்தால் ஆவாரை, இல்லாவிட்டால் பிடுங்கிவிடலாம்.

பூங்கொத்து கிளை நுனியை ஒட்டி வருவதால், ஆவணி வரை நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்து, புரட்டாசியில் கையைக் கட்டிக்கொண்டோம். ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக்கொண்டது. இதே ஆவாரைதான் தெலங்கானாவின் மாநில மலர். அங்கே பூக்களை அடுக்கி வைத்துக் கொண்டாடும் பதுகம்மா விழாவுக்குப் புரட்டாசி, ஐப்பசியிலேயே பூ வேண்டும். அவர்கள் கணக்கைப் பார்த்துக் கிள்ளியிருந்தால் நமக்குத் தையில் வெறும் நெற்றுதான் மிஞ்சியிருக்கும் என்பது என் எண்ணம்.

மார்கழியில் பூத்தது முதல் பாத்தியைச் சுற்றிக் கருவண்டுகளின் ஆட்சி. இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளிவரும். வண்டு பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பறக்கும்போது எழுப்பும் ரீங்காரத்தை விடக் கூர்மையான ஒலியோடு உடலை அதிர வைக்கும்போது மஞ்சள் பொடி அதன் வயிற்றில் கொட்டுவதை அருகில் நின்று பார்க்கலாம். அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் செல்பேசியை மறந்து நின்றது இந்த ஓரிடத்தில்தான்.

பாத்தியை நடுவில் போடாமல் சுவரோரமாக வளைத்துப் போட்டதற்குக் காரணம், வட்டமாக நின்று பாடி ஆடும் வள்ளி கும்மி. கோவையைச் சேர்ந்த கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு எங்கள் பகுதியிலும் கும்மி பழக ஆள் சேர்ந்துவிட்டது. வட்டம் பெரிதாகப் பெரிதாகப் புல்தரை போதவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பூப்பறிக்கும் நோம்பிக்குப் போகக் காடு மேடெல்லாம் வீட்டுமனையாகிவிட்ட நிலையில், பெண்கள் கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்து, ஆவாரம்பூவைப் பறித்து வட்டத்தின் நடுவில் குவித்து வைத்துக் கும்மியடித்தார்கள். “அம்மிணி, மேக்கொப்பையெல்லாம் ஒடிச்சுப் போடாதீங்க, நெத்து வேணும்” என்று பெரியவர் கத்திக்கொண்டே இருந்தார்.

இனி பூளை. விதையை மணலில் கலந்து தூவிய பாத்தியில் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நடைபாதைக் கற்களின் இடுக்கிலும் மோட்டார் அறைச் சுவரின் அடியிலும் மட்டும் தானாக வந்து, மார்கழிப் பனியில் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. புல் வெட்ட வந்த ஆட்கள் அதைக் களை என்று அடியோடு செதுக்கித் தள்ளிவிட்டார்கள். சொட்டுநீரும் இலைமக்கும் கொடுத்து நாம் செழிப்பாக்கிய மண் அதற்குப் பிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அடுத்த முறை எரு எதுவும் போடாத சரளைமண் பட்டை ஒன்றை அதற்கென்று ஒதுக்கி, புல் வெட்டுபவர்களுக்குத் தெரியும்படி செங்கல் அடுக்கி வைக்கப்போகிறோம்.

இதற்குள் எனக்கு வேறோர் ஆசையும் வந்துவிட்டது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில், இருப்பதுபோல், துருப்பிடித்த கம்பி வேலிக்குப் பதிலாக மேற்கு ஓரத்தில் கிளுவை வேலி போட வேண்டும். உறவினர் தோட்டத்தில் வேலியைக் கழிக்கும்போது கொம்புகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி வாடகையை யார் கொடுப்பது என்பதில்தான் குழுவில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் ஆவாரை நெற்றைப் பறித்தாக வேண்டும். செடியிலேயே விட்டால் விதை தின்னும் சிறு வண்டு துளைத்ததுதான் கிடைக்கும் என்பதால், நெற்று பழுப்பாகிச் சலசலக்கத் தொடங்கியதும் பறித்து, துளை விழுந்ததைக் கழித்துவிட்டு வேப்பிலைப் பொடியோடு டப்பாவில் அடைத்து வைக்கப் பெரியவர் பொறுப்பேற்றிருக்கிறார். புதிய நகவெட்டி ஒன்று வாங்கித் தர வேண்டுமாம்.