நிலாவில் ஒத்தக் கை வீச்சு

ராத்திரி தூக்கம் வராம அப்பல்லோ 14 காணொளி பார்த்தேன். 1971 பிப்ரவரி 6. ஆலன் ஷெப்பர்ட், மண் மாதிரி எடுக்குற கருவியோட கைப்பிடியில ஆறாம் நம்பர் கோல்ஃப் மட்டையோட தலையை மாட்டிக்கிட்டு நிலாவில நிக்கிறார். விண்வெளி உடுப்பு அவ்வளவு விறைப்பு, ஒத்தக் கையாலதான் வீச முடியுது. முதல் வீச்சுல பந்தை விட மண்ணுதான் அதிகம் கிளம்புச்சு!

கோல்ஃப் வீச்சுங்கிறது ரெட்டை ஊசல். தோள்ல தொங்குற கை ஒண்ணு, மணிக்கட்டுல தொங்குற மட்டை இன்னொண்ணு. இடுப்பும் தோளும் திரும்பி கையை இழுக்கணும். மணிக்கட்டு மடிஞ்சே வந்து கடைசி நொடியில விரியணும். அப்போ கையோட வேகம் குறையும், அந்த ஆற்றல் மட்டைத் தலைக்குப் போயிடும். (ஈரத் துண்டை உதறிப் பாருங்க, கிட்டத்தட்ட இதே கதை.) மட்டை பந்தைத் தொடுற நேரமே சுமார் அரை மில்லி விநாடிதான். அதுக்குள்ள எதையும் திருத்த முடியாது.

ஷெப்பர்டுக்குத் தோளே சரியா திரும்பல. பந்துல இருக்குற குழிகளும் அங்க வீண், காத்து இருந்தாத்தானே! ஈர்ப்பு ஆறுல ஒரு பங்குதான். மனுஷன் "மைல் கணக்குல போகுது"ன்னார். பிற்பாடு படங்களை வச்சு அளந்தப்போ ரெண்டாவது பந்து சுமார் 40 கஜம்.