ஏழு நாள் இளையவர்

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

எங்கள் மாதாந்திர இலக்கியக் கூட்டம் 22-ஆம் தேதி என்று முடிவாயிற்று. எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கு, நம் கி.ரா.வுக்கு, 16; கு. அழகிரிசாமிக்கு 23. இரண்டு பிறந்தநாளையும் ஒரே மாலையில் பேசி முடித்துவிடலாம் என்று மூன்று பேர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் குரல் உயர்ந்துவிட்டது. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

செப்டம்பர் 9

நேற்று அவ்வளவு கோபம் ஏன் வந்தது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒரே ஊர், ஒரே ஆண்டு. 1923-இல் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் ஏழு நாள் இடைவெளியில் பிறந்த இரண்டு பிள்ளைகள். மூத்தவருக்கு இளம் வயதிலேயே காசநோய். பிழைப்பாரா என்றிருந்தவர் 97 வயது வரை இருந்து, நம்மோடு பேசி, சிரித்து, சொல்லகராதி தொகுத்து, எல்லாம் செய்துவிட்டுப் போனார். எழுத வந்ததே முப்பதைத் தாண்டித்தான். இளையவரோ அதற்குள் கதைகளாக எழுதிக் குவித்துவிட்டு, மலேயாவுக்குப் போய்ப் பத்திரிகை வேலையும் பார்த்துவிட்டார். 1970 ஜூலையில் போய்விட்டார். அந்த ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு அவருக்குக் கிடைத்ததும் அவர் போன பிறகுதான்.

46 வயது. அவருக்கென்று ஒரு மாலை தனியாக வேண்டாமா?

எனக்கு வருகிற தை மாதம் 47.

செப்டம்பர் 11

மதுரை போய்த் திரும்பினேன். ஊசி வலிக்கவில்லை. பத்து நாள் ஆகும் என்றார்கள்.

செப்டம்பர் 12

தூக்கம் இல்லை. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை மறுபடி எடுத்தேன். வேறு பிள்ளைகளுக்கு டைரி கொண்டுவந்து கொடுத்தவர் சாரங்கனுக்குக் கொடுக்கவில்லை. அவன் அழவில்லை, கேட்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், உபசரித்து, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே சொல்கிறான்.

எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். பெரியவர்களின் கவனக்குறைவு ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பதைக் குரலை உயர்த்தாமல் இப்படிச் சொல்ல வேறு யாரால் முடியும்? கூட்டத்தில் இதைத்தான் வாசிக்க வேண்டும்.

செப்டம்பர் 14

கல்லூரிப் பெண் வந்து வாசித்துக் காட்டினாள். அவளுக்கு ‘ராஜா வந்திருக்கிறார்’ வாசிக்க ஆசை. “அது தீபாவளிக் கதை, அக்கா, எல்லோருக்கும் பிடிக்கும்” என்றாள். இந்த முறை இது என்று சொல்லிவிட்டேன். நல்ல குரல். ஆனால் யாரோ துரத்துவதுபோல் ஓடுகிறாள். முற்றுப்புள்ளியில் மூச்சு விடு என்றேன். நானும் அவளோடு சேர்ந்து விட்டேன்.

கேட்டிருந்த அறை கிடைக்காதாம். இன்றுதான் சொல்கிறார்கள். அண்ணாச்சி தன் தையல் கடை மாடியைத் தருகிறேன் என்றார்.

செப்டம்பர் 16

காலையில் கி.ரா. நினைவு மண்டபத்தில் மாலை போட்டோம். நல்ல கூட்டம். அப்படியே தனியாக பஸ் ஏறி இடைசெவல் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

உழுது போட்ட கரிசல் காய்ந்து கிடக்கிறது. புரட்டாசிப் பட்டத்துக்கு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2021 மே மாதம், கொரோனா உச்சத்தில் இருந்த நாட்களில், புதுச்சேரியிலிருந்து கி.ரா.வை இந்த மண்ணுக்குத்தான் கொண்டுவந்தார்கள், அரசு மரியாதையோடு. அன்று என்னால் வர முடியவில்லை. அழகிரிசாமி எழுதிய கடிதங்களை அத்தனை காலம் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர் கி.ரா.தானே என்பது அங்கே நிற்கும்போது நினைவுக்கு வந்தது. அந்த மூன்று பேரிடம் நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

செப்டம்பர் 17

புரட்டாசி 1. மழை இல்லை. போன் இல்லை.

செப்டம்பர் 19

வருகைப் பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். போன மாதம் 17 பேர். இந்த ஊரிலா? காந்தி மைதானத்தில் விடிய விடியக் கதையும் கவிதையும் பேசிய ஊர் இது. தேவதச்சன் நகைக்கடையில் உட்கார்ந்தபடியே எத்தனை இளைஞர்களைக் கவிதைக்குள் இழுத்தார்! அழகிரிசாமி, கி.ரா., பூமணி, சோ. தர்மன் என்று கோவில்பட்டி வட்டாரத்துக்கே நான்கு சாகித்திய அகாதெமி. அது தானாக நடந்ததில்லை. யாரோ ஒருவர் வாசித்ததை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டதால் நடந்தது. 17 பேர் என்றாலும் கூட்டம் கூட்டம்தான். ஆனால் மாதா மாதம் தபால் அட்டை எழுதுவது, ஆள் பார்த்துப் பேசுவது, நாற்காலி எண்ணுவது இதெல்லாம் நான் செய்வது. இந்தப் பதிவேட்டை யாரிடம் கொடுப்பது? அண்ணாச்சிக்கு 71. அவரிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் கூட்டத்தை ஒத்திவைப்பார். 22 கழியட்டும்.

செப்டம்பர் 21

பத்து நாள் ஆயிற்று. நானே கூப்பிட்டேன். திங்கட்கிழமை என்கிறார்கள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

31 பேர்! மாடியில் இடம் போதாமல் துணி வெட்டும் மேஜையில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். அழகிரிசாமிக்கு மட்டுமேயான மாலை. அவர் பதிப்பித்த காவடிச்சிந்தைப் பற்றி ஒரு தமிழாசிரியர் பேசினார்; பேச்சை நிறுத்திவிட்டுப் பாடவும் செய்தார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் நம் பக்கத்துக்காரர் அல்லவா, முன்வரிசைக் கிழவர்கள் தொடையில் தாளம் போட்டார்கள்.

பிறகு அந்தப் பெண் வாசித்தாள். முதல் பக்கத்தில் ஓட ஆரம்பித்தாள். முன்வரிசையிலிருந்து ஒருவர், “மெதுவாகப் படி, தாயி. நாங்கள் எங்கேயும் போகவில்லை” என்றார். அதன்பிறகு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றாள். சாரங்கன் டைரியை நீட்டும் இடத்தில் யாரும் இருமக்கூட இல்லை.

அன்று ஒன்றாக நடத்தலாம் என்ற மூவரும் கடைசிவரை இருந்து நாற்காலி மடக்கினார்கள். மன்னிப்புக் கேட்டேன். பதிவேட்டில் இன்றைய குறிப்பை அந்தப் பெண்ணை எழுதச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அண்ணாச்சி மட்டும் என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

செப்டம்பர் 23

அழகிரிசாமிக்கு இன்று 101. மாலை 4 மணிக்கு போன் வந்தது. நேரில் வரச் சொல்கிறார்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.

செப்டம்பர் 24

பஸ்ஸில் எழுதுகிறேன். சாத்தூர் தாண்டியாயிற்று. பக்கத்தில் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், தூங்கவில்லை. அக்டோபர் 27 தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. ‘ராஜா வந்திருக்கிறார்’ வாசிக்கலாமா என்று அந்தப் பெண் செய்தி அனுப்பியிருக்கிறாள். வாசி என்று பதில் போட்டேன். தபால் அட்டை 50 வாங்க வேண்டும். விருதுநகர் வருகிறது